வெள்ளைச் சோற்று வீட்டில் மாலைக்கண்

போன மாதம் என் தம்பிக்குத் திருத்துறைப்பூண்டியில் கண்புரை எடுத்தார்கள். அதற்கு முன் டாக்டரம்மா, "சின்ன வயசுல கண்ணுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டார். "ஒண்ணுமே இல்லைங்க. கழுகுக் கண்ணு" என்றான் தம்பி. துணைக்குப் போயிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தம்பி முறைத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாலு வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எந்த டாக்டர் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார் என்றுதான் பேச்சு போகிறது. ஒரு மாறுதலுக்கு, நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊருக்குள் வந்த ஒரு மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆரஞ்சு நிறத்தில், எண்ணெய் மாதிரி, கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்கும் மருந்து. உங்களில் சிலரும் குடித்திருப்பீர்கள்.

எதையும் தேதியோடு சொல்வது என் பழக்கம். இந்த விஷயத்தில் ஆண்டு மட்டும் பிடிபடவில்லை. மேட்டூர்த் தண்ணீர் பிந்தி வந்ததால் குறுவையைக் கைவிட்டு எல்லோரும் நேராகச் சம்பாவுக்குப் போன வருஷம். அப்படி எத்தனையோ வருஷங்கள் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் மாதங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி, பொங்கலுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

முதலில் எங்கள் வீட்டுச் சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மிராசுதார் பண்ணையில் வேலை செய்து வளர்ந்தவர். அவருடைய சின்ன வயதுச் சாப்பாடு கூழ், வாய்க்கால் நண்டு, நத்தை, வேலியோரத்து முருங்கைக்கீரை. சோறு என்பது நல்ல நாளில் வருவது. "கீரையத் தின்னு தின்னு பல்லே பச்சையாப் போனவன்டா நான்" என்பார். பிற்பாடு கொஞ்சம் நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. செவலை, மயிலை என்று ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டை வண்டியும் வந்தன. அன்றைக்கே, இனி என் வீட்டு அடுப்பில் கீரை ஏறக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் சொல்லப்போகும் வருஷம் வரை அந்த வார்த்தையை அவர் மாற்றவே இல்லை. கிணற்றடியில் எங்களுக்கு ஒரு முருங்கை இருந்தது. ஊரிலேயே அதுதான் பெரிய மரம். அதன் காய் எங்களுக்கு, கீரை ஆட்டுக்கு.

நெல் அரைக்க மில்லுக்குப் போனால் அப்பா இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பார்.

"இன்னொரு தடவை தீட்டுப்பா."

"இதுக்கு மேல தீட்டினா நொய்யாப் போயிடும் மாமா."

"போனாப் போகட்டும். மல்லிப்பூ மாதிரி இருக்கணும்."

மல்லிப்பூ மாதிரியேதான் இருக்கும். அந்தச் சோற்றில் கொஞ்சம் ரசத்தை ஊற்றினால் தம்பிக்கு வேறெதுவும் வேண்டாம். சில நாள் ரசம்கூட வேண்டாம், சர்க்கரை போதும். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைத்தால் மீனைத் தட்டோரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் தின்பான். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. "எம்புள்ள பாரு, வெள்ளைச் சோத்துக்குன்னே பொறந்தவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நான் அப்படியில்லை. கொய்யா, கொடுக்காப்புளி, கூட்டாளி வீட்டுக் கீரைக் கடைசல் என்று தெருவெல்லாம் தின்று வளர்ந்தவள். என்னை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

தீட்டினாலும் சரி, தீட்டாவிட்டாலும் சரி, கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து அரிசியில் கிடையாது என்பதைப் பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தேன். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? சோறு வெள்ளையாக இருந்தால் வீட்டில் குறைவில்லை என்று பொருள். அவ்வளவுதான்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் தம்பி ஒரு மாதிரியாக மாறினான்.

பகலெல்லாம் குரங்குதான். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போதும், வீட்டுக்குள் வந்து சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். தெருவில் கூடிச் செபமாலை சொல்லும்போது மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்க, இவன் மட்டும் கண்ணை அகல விரித்து, எதையும் பார்க்காமல், மோட்டுவளையை நோக்கி உட்கார்ந்திருப்பான்.

எங்கள் மாதா கோயில் உபதேசியார் ஒரு நாள் மாலை செபத்துக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் புள்ளைய கவனிச்சீங்களாம்மா? பக்தியில அசையாம இருக்கு. சாமியாராப் போற புள்ள இது. கண்ணைப் பாருங்க, மேலேயே நிக்குது."

அம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாளிலிருந்து தம்பியின் சோற்றில் சர்க்கரை கூடியது.

அப்பாவின் கணிப்பு வேறு. சாயங்காலம் தப்பித் தவறித் தம்பி எழுந்து நடந்தால் ஏதாவது ஒன்று கவிழும். தண்ணீர்க் குடம், விளக்குக் கண்ணாடி, ஊற வைத்த புண்ணாக்கு. ஒரு நாள் அடுத்த வீட்டுக்குள் போய், தட்டுச் சத்தம் கேட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "அம்மா, ரசத்துல இன்னைக்குப் புளி அதிகம்" என்று அந்த வீட்டுச் சித்தியிடமே குறை சொன்னான். இன்னொரு நாள் வைக்கோல்போரில் சாத்தியிருந்த ஏணியிடம், "மாமா, அப்பா வீட்ல இல்லை, காலையில வாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தான்.

"ஏண்டா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அப்பா பொடனியிலேயே ஒன்று வைப்பார். "கொழுப்பு. வேற ஒண்ணுமில்லை. தின்ன சோறு ஏறிப் போச்சு."

ஆக, ஒரே பிள்ளை அம்மாவுக்குப் புனிதன், அப்பாவுக்குப் போக்கிரி. இரண்டு பேரும் அவன் கண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். அதைப் பார்த்தவர் இருவரில் யாரும் இல்லை.

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் நர்சம்மா வந்தார். வழக்கமாகத் தடுப்பூசி போட வருகிறவர். கறுப்புக் குடை, முழங்கால்வரை சேறு, தோளில் ஒரு பை. இந்த முறை ஊசி இல்லை, ஒரு பெரிய பழுப்பு நிற பாட்டிலும் கரண்டியும். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளையெல்லாம் கோயில் முன்னால் கூட்டிவரச் சொன்னார். பாட்டிலைத் திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனையும் அதற்கடியில் ஒளிந்துகொண்டு மீன் வாசனையும் வந்தன. ஊசி இல்லை என்பது உறுதியான பிறகுதான் பிள்ளைகள் அம்மாக்களின் முந்தானையை விட்டு வெளியே வந்தார்கள். கரண்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்க, வயது கடந்த நாங்களெல்லாம் சுற்றி நின்றோம். நர்சம்மா குடையால் விரட்டினார்.

எங்கள் வீட்டிலிருந்து யாரும் வராததால் அவரே வாசலுக்கு வந்தார்.

"சின்னவனைக் கூப்பிடுங்க. கண்ணுக்கு நல்லது. சத்து மருந்து."

அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சத்து மருந்தா? எதுக்கு?"

"சத்துக் குறைச்சல் வராம இருக்கத்தான்."

அங்கேதான் தப்பு நடந்தது. குறைச்சல் என்ற சொல்லை அப்பாவின் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

"குறைச்சலா? எங்க வீட்லயா? உள்ள வந்து பானையத் திறந்து பாருங்கம்மா. ரெண்டு தீட்டு தீட்டின அரிசி. சோத்துக்கில்லாத வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுக்குற மருந்தை எம்புள்ளைக்குக் குடுக்கணுமா? குறைச்சல் உள்ள வீடாப் பாத்துப் போங்க."

"எல்லாப் பிள்ளைக்கும்தாங்க குடுக்குறோம். அஞ்சு வயசுக்குள்ள இருந்தா..."

"அவனுக்கு அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது. பள்ளிக்கூடத்துல வேணா கேட்டுப் பாருங்க."

பள்ளிக்கூடத்தில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். சேர்க்கும்போது அப்பா ஒரு வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லிப் பார்ப்பார்கள் அல்லவா? தம்பிக்கு எட்டவில்லை. அப்பா தலையைக் கொஞ்சம் அமுக்கி எட்ட வைத்தார். அந்த ஒரு வயதால் தம்பி வேலையிலிருந்து ஒரு வருஷம் முன்னதாகவே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அது வேறு கதை. அன்றைக்கு அந்த ஒரு வயதால் ஒரு கரண்டி மருந்து போயிற்று. நர்சம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டிலை மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

கார்த்திகை தொடக்கத்தில் செவலைக்கு நோய் வந்தது.

மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் காலத்தில் மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. வரப்புப் புல்லை யாராவது முந்திக்கொண்டு அறுத்துவிடுவார்கள். வெறும் வைக்கோல்தான். ஒரு சாயங்காலம் வண்டியை அவிழ்த்துவிட்டதும் செவலை கொட்டிலுக்குப் போகாமல் நின்றது. பிறகு காலை உயரத் தூக்கி, இல்லாத படியில் ஏறுவது மாதிரி வைத்து வைத்து நடந்து, முளைக்குச்சியில் முட்டிக்கொண்டது.

அப்பா உடனே அதன் முகத்துக்கு நேரே போய் நின்றார். உள்ளங்கையை அதன் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். செவலை இமைக்கவில்லை.

"ஐயோ, எஞ்செல்லம்" என்று அப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

விடிந்ததும் முதல் வேலையாக மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். கம்பவுண்டர் மாட்டைச் சுற்றி வந்து ஒரே கேள்வி கேட்டார்.

"பச்சை ஏதாவது போடுறீங்களா?"

"எங்கேங்க போடுறது? எல்லாம் நடவாக் கெடக்கு. வைக்கோல்தான்."

"அதான். மாலைக்கண்ணு. வெறும் வைக்கோலத் தின்னா மனுசனுக்கே கண்ணு போயிடும், மாடு என்ன பண்ணும்? அகத்தி, முருங்கை எது கெடைச்சாலும் ஒடிச்சுப் போடுங்க. மீனெண்ணெய் தர்றேன், ஊத்துங்க."

பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் செவலைதான் மாப்பிள்ளை. வெற்றிலைக் கொடிக்கால்காரர்களிடம் கெஞ்சி அகத்தி வாங்கி வந்தார் அப்பா. கிணற்றடி முருங்கையை மொட்டையடித்தார். மூங்கில் குழாயில் மீனெண்ணெயை ஊற்றி, மாட்டின் தாடையைத் தூக்கிப் பிடித்து, "குடிடா ராசா, இன்னும் ஒரு வாய், கண்ணுக்கு நல்லதுடா" என்று கொஞ்சுவார். அப்படி அவர் கொஞ்சிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில் தம்பி அந்தப் பக்கமாக வந்து, அகத்திக் கட்டில் தடுக்கி, மீனெண்ணெய் பாட்டில் மேல் விழப் போனான். இடது கையால் பாட்டிலைக் காப்பாற்றி, வலது கையால் தம்பியின் பொடனியில் ஒன்று போட்டார் அப்பா. "கண்ணு தெரியாத மாடே ஒழுங்கா நிக்குது, உனக்கு என்னடா கேடு?"

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. செவலைக்குக் கண் திரும்பிவிட்டது. தம்பி சுவரோரத்துக்குத் திரும்பிவிட்டான்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. கோயிலில் வருஷா வருஷம் முந்தின நாள் சாயங்காலம் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் உபதேசியாருக்கு ஒரு புது யோசனை. மூன்று ராஜாக்களும் கோயிலுக்குள்ளிருந்து வராமல் வாய்க்கால் கரையிலிருந்து நடந்து வரவேண்டும், கிழக்கத்தி ராஜாக்கள் அல்லவா, தூரத்திலிருந்து வந்த மாதிரி இருக்கும். முதல் ராஜா பக்தியுள்ள பிள்ளையாக இருக்க வேண்டும். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொழுவத்துக்கு நிஜ மாடு வேண்டும் என்றதும் அப்பா செவலையையும் மயிலையையும் கொம்புக்கு வர்ணம் பூசிக் கொண்டுவந்து, குடிலுக்கு ஒரு பக்கமாகக் கட்டி, தாமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சம்மனசு, தேவதூதன் வேஷம். அட்டை இறக்கையோடு பெஞ்சு மேல் நின்றிருந்ததால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பொழுது சாய்ந்து, மேற்கில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. மூங்கில் கம்பத்தில் காகித நட்சத்திரம், உள்ளே ஒரு சின்ன விளக்கு. குடில் விளக்கை ராஜாக்கள் வந்த பிறகு ஏற்ற வேண்டும் என்பது உபதேசியாரின் ஏற்பாடு.

வாய்க்கால் கரையில் ஜிகினாக் கிரீடத்தோடு தம்பி தோன்றினான். கையில் பொன், அதாவது சோப்பு டப்பாவில் சுற்றிய மஞ்சள் காகிதம். பின்னால் இரண்டு ராஜாக்கள்.

"அதோ, கிழக்கிலே விண்மீன்!" என்று தம்பி கணீரென்று கத்தி, மேற்கே கையைக் காட்டினான்.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்த ராஜா ஒருவன், "டேய், இந்தப் பக்கம்டா" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். தம்பி நடந்தான். முழங்காலை உயரத் தூக்கி, காலை மெதுவாக இறக்கி, மறு காலைத் தூக்கி. "ராஜ நடைடா!" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. உபதேசியார்கூட மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். ராஜா நட்சத்திரத்தைத் தாண்டி, குடிலைத் தாண்டி, மரியன்னையாக வேஷம் போட்டிருந்தவளின் முக்காட்டை மிதித்து, மாட்டு மூச்சு கேட்ட இடத்துக்கு நேராகப் போய் மண்டியிட்டான்.

"யூதர்களின் ராஜாவே, உமக்குப் பொன் கொண்டுவந்தேன்."

செவலை குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பொன்னைத் தின்னத் தொடங்கியது.

கூட்டம் உருண்டு புரண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. அப்பாவின் முகம் கறுத்தது. ஊர் முன்னால் மானம் போயிற்று. கயிற்றை விட்டுவிட்டு அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு தம்பியின் முன்னால் போனார். தம்பி நிமிர்ந்தான். அகலத் திறந்த கண். ஓங்கிய கை ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அவன் நகரவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, இமைக்கக்கூட இல்லை. குழந்தை இயேசு பதில் சொல்வார் என்று காத்திருப்பவனைப் போலப் புன்னகையோடு இருந்தான்.

ஓங்கிய கை கீழே வந்தது. அப்பா குனிந்து, உள்ளங்கையைத் தம்பியின் கண்ணுக்கு நேராக இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. இறக்கையோடு பெஞ்சிலிருந்து குதித்தேன்.

"டேய்... நான் யாரு தெரியுதா?" என்றார் அப்பா.

குரலைக் கேட்டதும்தான் தம்பி பயந்தான். "அப்பா! நான் ஒண்ணும் கவுக்கலைப்பா!"

அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாடகம் இரண்டு ராஜாக்களோடு நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் அம்மா அழுதாள். "ஏஞ்சாமி, கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ராத்திரியானா யாருக்கும் தெரியாதுல்லம்மா?" என்றான் தம்பி. "எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அப்பா எழுந்து, கோயிலில் விட்டு வந்த மாடுகளை ஓட்டிவரப் போனார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். காலைப் பூசை முடிந்ததும் அப்பா வண்டியைப் பூட்டினார். தம்பியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊரில் இருந்த நர்சம்மா வீட்டுக்கு ஓட்டினார். நர்சம்மா லுத்தரன் சபைக்காரர். அவரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, புதுச்சேலையோடு விருந்தாளிகளுக்குப் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"என்னங்க, பண்டிகை நாளும் அதுவுமா? அன்னைக்குக் குறைச்சல் உள்ள வீடாப் பாத்துப் போகச் சொன்னீங்க."

"குறைச்சல் உள்ள வீடே இன்னைக்கு உங்க வாசலுக்கு வந்திருக்கும்மா" என்றார் அப்பா.

நர்சம்மா வாசலுக்கு இறங்கி வந்தார். தம்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். கண்ணின் வெள்ளையில் ஈரமே இல்லை என்றும், ஓரத்தில் சோப்பு நுரை உலர்ந்த மாதிரி ஒரு திட்டு இருக்கிறது என்றும் எங்களுக்குக் காட்டினார். நாங்கள் தினமும் பார்த்த கண்தான்.

"கருவிழிக்கு இன்னும் போகலை. நல்லகாலம். அது வெளுத்து உருகிப் போச்சுன்னா அப்புறம் பகல்லயும் பார்வை இருக்காது, எந்த மருந்துக்கும் திரும்பாது. வயசு என்ன?"

அப்பா தயங்கினார். "பள்ளிக்கூடத்துக்காம்மா, மருந்துக்கா?"

"புள்ளைக்குங்க!"

"நாலு."

"போன தடவை ஆறு நடக்குதுன்னீங்க."

"அது பள்ளிக்கூடத்துக்கு."

உள்ளே விருந்தாளி யாரோ சிரித்தார்கள். நர்சம்மா சிரிக்காமல் பாட்டிலைக் கொண்டுவந்தார். ஒரு கரண்டி நிறைய ஊற்றித் தம்பியின் வாயில் வைத்தார். அவன் சப்புக்கொட்டினான். அப்பா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்கம்மா. எம்புள்ள தாங்குவான்."

"தாங்க மாட்டான். நாளைக்கு ஒண்ணு. அப்புறம் நான் சொல்றப்ப ஒண்ணு. இது கூடினாலும் விஷம்."

"வீட்ல மாட்டுக்கு வாங்கின மீனெண்ணெய் பாதி இருக்கு. அதையும் சேத்து..."

"அதை ஊத்தினீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்!" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மருந்து நான் தர்றேன். மத்தது உங்க வீட்லதான் இருக்கு. தினமும் கீரை குடுங்க. முருங்கைக்கீரை இருக்கா?"

அப்பா வண்டிப் பக்கம் பார்த்தார். நான்தான் சொன்னேன். "இருக்கு. ஊர்லயே பெரிய மரம்."

மரத்தை மாட்டுக்காக மொட்டையடித்திருந்ததைச் சொல்லவில்லை. நல்லவேளையாக அதற்குள் தளிர் விட்டிருந்தது.

அம்மா அன்றைக்கே அடுப்பில் கீரையை ஏற்றினாள். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கியதில் தெருவே மணத்தது. தம்பியின் வெள்ளைச் சோற்றின் மேல் ஒரு பச்சைக் குவியல் விழுந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"இது ஆட்டுக்குப் போடுறதுல்ல?"

"சாப்பிடுடா. கண்ணுக்கு நல்லது" என்றாள் அம்மா.

"நாம ஆடு இல்லைன்னு அப்பாதான் சொன்னாங்க."

சொன்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்பா சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்."

அம்மா அப்பாவின் தட்டில் ஒரு அகப்பை கீரை வைத்தாள். அப்பா அதைப் பார்த்த விதத்தை நான் மறக்கவில்லை. சிரிப்பு வருவது மாதிரி இருந்தது, ஆனால் சிரிக்கக் கூடாதென்று தோன்றியது. ஒரு வாய் எடுத்து மென்றார். தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தார். தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்த அளவு தெரிந்தது. பிறகு அவனும் ஒரு வாய் தின்றான்.

மறுநாள் போய் இரண்டாவது கரண்டியும் வாங்கிவிட்டு வந்தோம். இரண்டு மூன்று நாளில் தெரியும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று எதையாவது தூக்கிக் காட்டுவார்.

"கையில என்னடா?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"வீட்டுச் சாமான்."

அப்பா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மா பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொள்வார். அம்மா வேளாங்கண்ணிக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டாள். உபதேசியார் தினமும் வந்து, தலைகுனிந்து, செபம் சொல்லிவிட்டுப் போனார். யாரும் புனிதன் என்ற பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இதிலும் எனக்கு உறுதியில்லை, சாப்பாடு வைத்ததும் அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"வெளிய உக்காந்து சாப்பிடுறேன். உள்ள புழுக்கமா இருக்கு."

"மார்கழியிலயா?"

அப்பா அதற்குள் படியிறங்கியிருந்தார். அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். தம்பி தன் கீரையைத் தின்று முடித்து, கை கழுவ வாசலுக்குப் போனான். வெளியே விளக்கில்லை. மாட்டுக்கொட்டிலின் ஓலைக்கூரைக்கு மேலே வானத்தில் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். நான் செம்பை எடுத்துக்கொண்டு அவன் கையைப் பிடிக்க எழுந்தேன். அதற்குள் அவன் கத்தினான்.

"அம்மா! அப்பா கீரைய மாட்டுக்குப் போடுறாங்க!"

அம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. வாசற்படிக்கும் கொட்டிலுக்கும் நடுவில் முற்றம் முழுவதும் இருட்டிக் கிடந்தது. படியில் தம்பி நின்றிருந்தான். கொட்டிலில் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டபடி இருந்தார். அவர் திரும்பவில்லை.

"எந்த மாட்டுக்குடா?" என்று மட்டும் கேட்டார்.

"செவலைக்கு."

"மயிலைக்கு?"

"மயிலைக்குப் போடலை. அது உங்க வேட்டிய நக்கிக்கிட்டு இருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். நக்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தட்டு மடியில் இருந்தது. "இன்னும் சொல்லு" என்றார். "வேற என்ன தெரியுது, சொல்லு."

"கயிறு தெரியுது. கொம்புல வர்ணம் தெரியுது. உங்க தட்டுல இன்னும் கொஞ்சம் கீரை மிச்சமிருக்கு."

அம்மா இருட்டில் நடந்து போனாள். அகப்பையில் இருந்த கீரையையெல்லாம் அந்தத் தட்டில் கொட்டினாள். அப்பா அதை அங்கேயே, இரண்டு மாடும் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி இலை வரைக்கும் தின்றார்.

"உப்புப் பத்தலை" என்றார்.